எட்டுத் தாள் அருவி

தேனி பஜாருக்குப் பின்சந்தில் இருந்த அந்த வீட்டில் எங்கே சாய்ந்தாலும் சுண்ணாம்பு ஒட்டும். 1970-ல் சுயம்புலிங்கத்தைக் கட்டிக்கொண்டு போடியிலிருந்து வந்த சொர்ணலதாவுக்கு அந்த வீட்டைப் பற்றி முதலில் தெரிந்த விஷயம் அதுதான். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குக் கருநீலப் பட்டு கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பின்சீட்டுப் பெண்கள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. போடியில் இறங்கியதும் அவளுடைய அம்மாதான் முதுகைத் தட்டிவிட்டாள்.

"உன்னைய மாவு மில்லுக்கா கட்டிக்குடுத்தோம்?"

வேறு மாதிரிச் சுவரும் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் சங்கடம். அவள் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவரோடு மேனேஜர் பங்களாவுக்குப் போனாள். அங்கே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன நீலப் பூ. தடவிப் பார்த்தாள், கையில் ஒன்றும் ஒட்டவில்லை. காகிதம் என்று அப்பா சொன்னபோது நம்பவில்லை. அடுத்த வருஷம் போனபோது பூவைக் காணோம், கோடு கோடாக வேறு தாள் இருந்தது. "பூப்போட்டது பழசாயிருச்சாம், துரையம்மா சொல்லுச்சு," என்றார் அப்பா. அதற்கும் சில வருஷம் கழித்துத் துரை ஊருக்குப் போய், ஒரு மலையாளி மேனேஜர் வந்தார். அவர் கோடுகளையும் உரித்தெறிந்துவிட்டுப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார். உரித்த தாளைத் தொழிலாளர் லயத்துச் சனங்கள் எடுத்துப்போய்த் தட்டிச்சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

பூ அழகா, கோடு அழகா என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஓர் அறையில் இருக்கிற ஆள், இது இருக்கட்டும் இது போகட்டும் என்று சொன்னால் சுவர் அதைக் கேட்கிறது என்பதுதான் அதிசயமாக இருந்தது.

தேனி வீட்டில் சுவர் கேட்கிற ஒரே குரல் கஸ்தூரியம்மாளுடையது. சுயம்புலிங்கத்தின் அம்மா. புருஷன் செத்த பிறகு பாத்திரக்கடையை நாலு வருஷம் தனியாக நடத்திக் காப்பாற்றி மகன் கையில் கொடுத்தவள். அந்த வீட்டில் எந்த ஆணி எங்கே அடிக்கப்பட்டது, எதற்காக என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பின்கட்டு அறையை மகனுக்கும் மருமகளுக்கும் விட்டுக்கொடுத்தாளே தவிர, அதே அறைச் சுவரில் இருந்த சின்ன மாடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவளுடைய வெற்றிலைப் பெட்டி அதில்தான் இருக்கும். மருமகள் உள்ளே இருக்கிறாளா, சேலை மாற்றுகிறாளா என்றெல்லாம் பார்க்காமல் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை உள்ளே வந்து போவாள்.

இந்த அறைச் சுவரில் தாள் ஒட்ட வேண்டும் என்று சொர்ணலதா மூன்று வருஷம் கேட்டாள். சுயம்புலிங்கம் கெட்டவன் இல்லை. "பாப்போம்" என்பான். அந்த வீட்டில் "பாப்போம்" என்றால் அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது என்று பொருள்.

1973 ஆவணியில் எவர்சில்வர் சரக்கு எடுக்க மதுரைக்குப் போனவன் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். பெயிண்ட் விற்கிற ஒரு கடையில் அறையின் அளவைச் சொல்லி, சுவரில் ஒட்டுகிற தாள் இருக்கிறதா என்று அவளே கேட்டாள். கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, நாலைந்து சுருள்களை இறக்கினார்.

"இதையெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறாக? ஓட்டல்காரவுக வாங்கிக்கிட்டிருந்தாக, அவுகளும் நிறுத்திட்டாக. உங்க ரூமுக்கு ஏழு சுருள் வேணும். எங்கிட்ட அஞ்சுதான் கெடக்கு."

"ரெண்டு சுவர் மட்டும் ஒட்டிக்கிறேன்."

"ரெண்டு சுவருக்கு ஒட்டி ரெண்டு சுவரை விட்டா நல்லாருக்குமா?"

"நல்லாருக்கும்," என்றாள். சுயம்புலிங்கம் கடைக்காரரைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான்.

வெளிர்மஞ்சள் தாள். அதில் விரல்நகம் அளவுக்குப் பச்சை இலைகள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐந்து சுருளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவர் பக்கத்தில் உட்காரக் கேட்டபோதும் நகரவில்லை.

யார் ஒட்டுவது என்பது அடுத்த பிரச்சினை. சுயம்புலிங்கம் கடையில் நாலு பேரிடம் விசாரித்தான். தேனியில் சுவரில் தாள் ஒட்டத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் நாலு பேரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். டாக்கீஸ் போஸ்டர் ஒட்டுகிற சுருளியாண்டி.

அவன் சைக்கிள் கேரியரில் பசை வாளியும், தோளில் நீளக்கம்பு கட்டிய மட்டையுமாக வந்து நின்றான்.

"எத்தனை ஷீட்டு படம்க்கா?"

"படமில்ல சுருளி. இலை போட்ட தாளு."

விரித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடியும் விரித்தான். "இதுல தலை எது, கால் எது?"

"காம்பு கீழ இருக்கணும். இலை மேல பாத்து இருக்கணும்."

"சரி, நீங்க அங்கிட்டுப் போங்க. உங்க நெழலு சுவத்துல விழுகுது."

அவள் அடுப்பிலிருந்து பாலை இறக்கிவிட்டு வருவதற்குள் ஒரு சுவர் முடிந்திருந்தது. டாக்கீஸ்காரன் ஒரு நாளைக்கு நாற்பது சுவர் ஓடுகிறவன். கை அந்த வேகத்துக்குப் பழகிப்போயிருந்தது. தாளைச் சுவரில் அறைந்தான். அடுத்த தாளை அதன்மேல் நாலு விரல் ஏற்றி அறைந்தான். பிறகு மட்டையைப் பசையில் முக்கி, ஒட்டிய தாளின் மேலேயே மேலும் கீழுமாக இழுத்தான்.

"ஏய் சுருளி, என்ன மேலயும் பசையத் தடவுற?"

"மேல ஒரு பூச்சு விட்டாத்தான்க்கா மழைக்கு நிக்கும்."

"வீட்டுக்குள்ள எங்கன மழை பெய்யுது?"

"மயில்துத்தமும் கலந்திருக்கேன். மாடு நக்காது."

"சுருளி, இது நாங்க படுக்குற ரூமு!"

"அதான் சொல்றேன், ஒரு மாடு கிட்ட வராது."

அவள் நிறுத்தச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது சுவரும் முடிந்துவிட்டது. இரண்டு தாளில் இலைகள் தலைகீழாகத் தொங்கின. லைட் ஸ்விட்ச் இருந்த இடம் தெரியவில்லை. போஸ்டர் ஒட்டுகிறவனுக்குச் சுவரில் என்ன இருந்தாலும் சுவர்தான். "தடவிப் பாத்தா மேடா இருக்கும்க்கா, அங்கன ஒரு ஓட்டை போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு, மாலை ஆட்டத்துக்குப் படம் மாறுகிறதென்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அரைமணி நேரத்தில் கஸ்தூரியம்மாள் உள்ளே வந்தாள்.

"என் வெத்தலைப் பெட்டி எங்கன?"

சொர்ணலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியார் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் டொப்பென்று கேட்டது. மறுபேச்சில்லாமல் விரலை விட்டுக் கிழித்து, கையை உள்ளே விட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டாள். பாக்கை வாயில் போட்டு மென்றபடி இரண்டு சுவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாருக்குத்தா. என்ன படம், எத்தனை நாள் ஓடுது?"

தாள் காய்ந்தபோது மேலே தடவிய பசை கஞ்சிபோட்ட வேட்டி மாதிரி மொரமொரத்தது. துத்தம் இறங்கிய இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. சொர்ணலதா சவர பிளேடை வாங்கிவந்து மாடத்தைச் சுற்றி நேராக வெட்டினாள். ஸ்விட்சைக் கண்டுபிடித்தாள். ஈரத்துணியால் ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்து மேற்பசையைக் கொஞ்சம் எடுத்தாள். தலைகீழ் இலைகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. அலமாரியை நகர்த்தி அவற்றை மறைத்தாள். கம்பம் பக்கமிருந்து சாரல் காற்று வந்த நாட்களில் தாள் உப்பிக்கொண்டு வரும். கஞ்சி காய்ச்சி ஊசியால் குத்தி உள்ளே விட்டு அமுக்குவாள். கோணல்மாணலாக இருந்தது. நாத்தம்கூட அடித்தது. ஆனாலும் அந்த வீட்டில் அவள் கேட்டு நடந்த முதல் காரியம் அது.

மார்கழிக் கடைசியில் வெள்ளையடிக்கிற அம்மாவாசி மட்டையும் வாளியுமாக வந்தான். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தத் தெரு முழுக்க அவன்தான்.

"முன்ரூமு, அடுப்படி, பின்ரூமு எல்லாம் அடிச்சிரு," என்றாள் கஸ்தூரியம்மாள்.

"பின்ரூமுக்கு வேணாம்," என்றாள் சொர்ணலதா வாசலை மறித்துக்கொண்டு. "மத்த ரெண்டு சுவருக்கு நானே அடிச்சுக்கிறேன். தாள் மேல சுண்ணாம்பு பட்டா போச்சு."

அம்மாவாசி இருவரையும் பார்த்துவிட்டு மற்ற அறைகளை அடித்தான். அடுத்த வீட்டுக்குப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பான். சாயங்காலமே எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து கஸ்தூரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, பின்ரூமுக்கு வெள்ளை அடிக்கலையாமே. யாரு தவறிட்டாக? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் வெள்ளையடிக்க மாட்டார்கள், பொங்கல் வைக்க மாட்டார்கள். கஸ்தூரியம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. வந்தவளை அனுப்பிவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்தாள்.

"எம்மகன் கல்லுக்குண்டாட்டம் இருக்கான். அவன் படுக்குற ரூமைக் கருமாதி வீடாக்கிட்டியேடி!"

"தாள் ஒட்டியிருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"ஒவ்வொரு வாசலா போயி எம்மருமக சுவத்துக்குச் சேலை கட்டியிருக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியவா?"

சுயம்புலிங்கம் கடையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவிடம் போய், "ஒரு ரூமுதானம்மா, விட்டுருங்க," என்றான். மனைவியிடம் வந்து, "ஒரு பூச்சுதான லதா, விட்டுரு," என்றான். இரண்டு பேரும் விடவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனான்.

போகிக்கு முந்தின நாள், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்ததால் சொர்ணலதா போடிக்குப் போனாள். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தபோது அறை வெளுத்துக் கிடந்தது. நாலு சுவரும். சுண்ணாம்புக்கு அடியில் இலைகள் பழைய வடு மாதிரி தெரிந்தன.

தெருமுனையில் அம்மாவாசியைப் பிடித்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "நான் என்னக்கா பண்ண? பெரியம்மா மட்டையைப் புடிச்சுக் கையில திணிச்சாக. தாளு நனையுமேன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன். 'நனையட்டும்'னாக."

சுண்ணாம்பைக் குடித்த தாள் தை முடிவதற்குள் அப்பளமாகச் சுருண்டு சுருண்டு விழுந்தது. மிச்சத்தைச் சொர்ணலதா தோசைக்கரண்டியால் மூன்று நாள் சுரண்டினாள். அழவில்லை. கரண்டியின் முனை மழுங்கிப்போனது. அதற்குப் பிறகு அந்தக் கரண்டியில் தோசை திருப்ப வராமல் போய், கஸ்தூரியம்மாள் அதற்கும் ஒரு நாள் முழுக்கப் பேசினாள்.

பிறகு பத்து வருஷம் அவள் சுவரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை திறந்தாள். மூத்தவள் பிறந்தபோது டிஸ்டெம்பர் அடிக்கலாம் என்றாள். "சுண்ணாம்புதான் பிள்ளைக்குக் குளிர்ச்சி" என்று பதில் வந்தது. இளையவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ரோஸ் கலர் பொடியாவது சுண்ணாம்பில் கலக்கலாம் என்றாள். நீலம்தான் கலந்தார்கள், கஸ்தூரியம்மாளுக்கு நீலம் பிடிக்கும் என்பதால்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று, எண்பத்துநான்கில் ஊருக்குத் திடீரென்று சீனரி பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வந்தது. அப்புறம் பல் டாக்டர், ஜவுளிக்கடை, மிட்டாய்க்கடை. சுவர் முழுக்க ஒரே படம்: பனிமலை, ஏரி, சிவப்பு இலை மரம், அருவி. சுருளி அருவிக்கு வருஷத்துக்கு மூன்று தடவை போய்க் குளித்துவிட்டு வருகிறவர்கள் எந்த நாட்டதென்றே தெரியாத அருவியை வீட்டில் ஒட்டினார்கள். எட்டுத் தாள் ஒரு செட். கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால், "நீங்க மலையா, அருவியா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

சுயம்புலிங்கத்தின் தங்கை அன்னத்தாயை உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டில் அருவி வந்துவிட்டது. மகளைப் பார்த்துவிட்டு வந்த கஸ்தூரியம்மாள் காலைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்தாள்.

"உள்ள நுழைஞ்சாலே சில்லுனு இருக்குடா. நாமளும் ஒண்ணு ஒட்டிருவோம்."

அடுத்த சரக்குக்கு மதுரை போன சுயம்புலிங்கம் அருவியோடு வந்தான். முன்ரூமில் சாமி படம், மாமனார் போட்டோ, காலண்டர், கடைக்குக் கிடைத்த கேடயம் என்று இடமே இல்லை. கஸ்தூரியம்மாள் யோசிக்கவே இல்லை.

"பின்ரூமுல ஒட்டு. அங்கனதான் பழைய பேப்பர் இருந்துச்சு."

"எனக்கு அந்தப் படம் வேணாம் அத்தை," என்றாள் சொர்ணலதா.

கஸ்தூரியம்மாள் மகனைப் பார்த்துக் கையை விரித்தாள். "அன்னைக்குப் பேப்பரு பேப்பருன்னு உசுரை விட்டா. இன்னைக்கு ஆசையா வாங்கியாந்தா வேணாங்குறா. உம்பொண்டாட்டிய என்னன்னுடா திருப்திப்படுத்துறது?"

வெளியே இருந்து பார்த்தால் மாமியார் சொல்வது நியாயமாகவே இருந்தது. அதுதான் சொர்ணலதாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமும் மறுத்தவர்கள் மறுத்துக்கொண்டே இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கஸ்தூரியம்மாள் காலையிலேயே உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். அன்னத்தாயைக் கூட்டிவந்து அருவியைக் காட்ட வேண்டும். போகும்போது தெருவில் அஞ்சாறு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒட்ட வந்தவன் சுருளியாண்டி. மொபெட்டில் வந்து இறங்கினான், பேண்ட் போட்டிருந்தான். டாக்கீஸ் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஊரில் இப்போது அவனுக்குப் பேர் வால்பேப்பர் சுருளி. பையிலிருந்து தூக்குக்குண்டு, பிளேடு, ரப்பர் உருளை, பாக்கெட் பசைப்பொடி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஸ்விட்ச் மூடியைத் திருகிக் கழற்றினான். மாடத்தின் ஓரத்தை அளந்து பென்சிலால் கோடு போட்டான்.

"உங்க வீட்டுலதான்க்கா மொதல் வேலையவே கெடுத்துக்கிட்டேன். அதுக்குப் பெறகுதான் புத்தி வந்துச்சு."

"அந்தப் புத்திய முன்னாடியே கொண்டாந்திருக்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். எட்டுத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பினான். நுரையோடு அருவி கொட்டியது. ஒரு மான் வேறு நின்றது. சொர்ணலதா அந்த மானையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தினம் காலையில் கண் விழித்தால் அது எதிரே நிற்கும்.

"திருப்பி ஒட்டு சுருளி."

"தலைகீழாவா?"

"இல்ல. படம் சுவத்தப் பாத்து இருக்கட்டும். வெள்ளைப் பக்கம் வெளிய இருக்கட்டும்."

அவன் பசை கலக்குவதை நிறுத்தினான். "அக்கா, பொழைப்பக் கெடுத்துராதீக. வால்பேப்பர் சுருளிக்கு முன்னும் தெரியல பின்னும் தெரியலன்னு பேசுவாக."

"நான் சொன்னேன்னு சொல்லு."

"அண்ணாச்சி என்ன சொல்லுவாக?"

"அவரு இந்த ரூமுக்குள்ள கண்ண மூடிக்கிட்டுதான் இருப்பாரு. முழிச்சுப் பாத்துக்கிட்டு கெடக்குறது நான்."

"அதுக்கு வெறும் சுண்ணாம்பே போதுமேக்கா?"

"சுண்ணாம்பு அத்தையோடது. அருவி அன்னத்தோடது," என்று ஆரம்பித்தவள் பசைப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீ ஒட்டு," என்றாள்.

சுருளியாண்டி தாள்கள் பக்கம் குனிந்தான். ஒன்றாம் தாளையும் நாலாம் தாளையும், இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டான், கீழ்வரிசையிலும் அப்படியே. "திருப்பி ஒட்டுனா வரிசை மாறும்க்கா. உள்ள யாரு பாக்கப் போறாக, இருந்தாலும் அருவி அருவியாச் சேரணும்ல."

அவ்வளவு சுத்தமான வேலையை அவள் பார்த்ததே இல்லை. சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்விட்சைச் சுற்றி ஒரு நூல் பிசகவில்லை. முடிந்தபோது சுவர் வழவழவென்று வெள்ளையாக நின்றது. ஒட்டுகிறவனுக்கு அடையாளம் தெரியத் தாள்களின் முதுகில் அச்சடித்திருந்த எண்கள் மட்டும் வட்டத்துக்குள் வரிசையாகத் தெரிந்தன. மேலே நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. கீழே எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு.

மத்தியானம் கஸ்தூரியம்மாள் மகளோடு வந்தாள். தெருவிலேயே, "கண்ண மூடிக்கிட்டு வாடி, உள்ள வந்து தொற," என்று சொல்வது கேட்டது. அன்னத்தாய் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு பின்ரூம் வரை வந்து திறந்தாள்.

"மதினி," என்றாள் அன்னத்தாய் மெதுவாக, "என்ன இது, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு இருக்கு?"

"அருவி எங்கனடி?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"உள்ள இருக்கு அத்தை."

"எதுக்குள்ள?"

"சுவத்தப் பாத்து இருக்கு."

அன்னத்தாய்க்குச் சிரிப்பு வந்து, அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். கஸ்தூரியம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "தெருவுல ஆறு வீட்டுல சொல்லிட்டேனேடி," என்றாள். கத்தவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் சொர்ணலதாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாப்பாட்டுக்கு வந்த சுயம்புலிங்கம் சத்தமே இல்லாத வீட்டைப் பார்த்துப் பயந்துபோய்ப் பின்கட்டுக்கு வந்தான். அம்மாவும் தங்கையும் முன்ரூமுக்குப் போய்விட்டிருந்தார்கள். சுவருக்கு முன்னால் நின்று எண்களை எட்டு வரைக்கும் வாய்க்குள் படித்தான்.

"சுருளி குடிச்சிருந்தானா?"

"இல்ல. நாந்தான் இப்படி ஒட்டச் சொன்னேன்."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்து நின்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை தயாராக இருந்தது. அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். இன்னொரு தடவை சுவரைப் பார்த்தான்.

"சரி. உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

பதினாலு வருஷத்தில் அதை அவன் கேட்டது அன்றைக்குத்தான். சொர்ணலதா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சளா? இலையா? அதெல்லாம் எப்போதோ வேண்டியிருந்தது, இப்போது வேண்டியிருக்கவில்லை. யாருமே கேட்காத கேள்விக்கு எத்தனை வருஷம்தான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது? கேட்டதுதான் கேட்டான், ஒரு பத்து வருஷம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

"தெரியல," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன். ஒரு மாசம் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும். யாரும் வந்து எதையும் பூசக் கூடாது, ஒட்டக் கூடாது."

"பொங்கலுக்கு அம்மா..." என்று இழுத்தான்.

"பொங்கலுக்கும்தான்."